வெறும் ஏனங்கள் திரும்பிய வெள்ளிக்கிழமை

ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை காலையில், யாகப்பர்துறைக் கோவில் மணிக்கூண்டின் மேலிருந்த பெட்டிக்குள் இடமில்லாமல் போனதால், மதலேன் மைனியின் புருஷன் கஸ்பார் அண்ணனுடைய குரல் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி, தெருவோடு நடந்து வந்து, வாசலில் கழுவி வைத்திருந்த இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்துகொண்டது. மைனி அப்போது சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பல்லுவலி கொறஞ்சிட்டு, நீ வெசனப்படாத என்று கொப்பரை சொன்னது. அவள் எட்டிப் பார்த்தாள், மூடியை எடுத்து மூடினாள், மீதிச் சாளையையும் கழுவி முடித்தாள். அதற்கப்புறம்தான் என் வீட்டுக்கு வந்து, ஒம் பெட்டி நெறஞ்சி வழியுது, வந்து பாரு என்றாள், குழாயடியில் வாளி நிறைந்துவிட்டதைச் சொல்லும் குரலில்.

என் பெட்டி என்று அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து பதினோரு விசைப்படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன, போனால் முப்பது நாள் நாற்பது நாள் கரை காணாது, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, கோவில் மணிக்கூண்டில் ஒரு பெட்டி, அங்கே பேசினால் இங்கே கேட்கும், இங்கே பேசினால் அங்கே கேட்கும். அந்தப் பெட்டிகளைச் செய்கிற சென்னைக் கம்பெனியில்தான் எனக்கு வேலை, பிள்ளை பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்தபடியே பார்க்கிறேன். காற்றில் வருகிற குரலை வாங்கி இயந்திரத்தின் கையில் கொடுக்கிற சின்ன நிரலுக்கு டிரைவர் என்று பெயர், அதை எழுதியவள் நான். மருமகள் ஒரு டிரைவரைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறாள், அவன் பாதி வழியில் நின்றுபோகிறான் என்று என் மாமியார் ஞானப்பூ மீன் ஏலம் விடுகிற இடத்தில் சொல்லிவைக்க, குடிப்பானோ என்று நாலு பேர் என்னிடமே விசாரித்தார்கள்.

குடிக்கவில்லை, ஏனம் தீர்ந்தால் நிற்கிறான். பெட்டியின் நினைவுக்குள் இருநூற்றைம்பத்தாறு வெற்று ஏனங்களை, அதாவது வெறும் பாத்திரங்களை, அடுக்கி வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற குரல் அவற்றில் துண்டு துண்டாக விழும், டிரைவர் அதை எடுத்து உள்ளே கொட்டிவிட்டு, வெறும் ஏனத்தைத் திரும்பவும் வாசலில் வைக்க வேண்டும். பதினோரு படகும் ஒரே நேரத்தில் பேசினால் ஏனம் தீர்ந்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்குவதுதான் முறை. என் டிரைவர் தொடங்குவதில்லை, கோவில் வேலை பார்க்கிற உபதேசியார் முட்டுவலியோடு நூற்றுப்பத்துப் படி ஏறிப் பெட்டியை அணைத்துப் போடும்வரை நின்ற இடத்திலேயே நிற்பான், ஏன் என்று மூன்று வாரமாகத் தேடியும் எனக்குத் தெரியவில்லை. உபதேசியார் ஏறாத நாட்களில் இடம் கிடைக்காத குரல்கள் காற்றோடு போய்விடும் என்றுதான் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். எங்கள் ஊரில் அவை படி இறங்கி வந்தன.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு அதன் நெளிவுசுளிவெல்லாம் பிடிபட்டுவிட்டது. பெயர் வெட்டிய ஏனத்தில்தான் குரல் இறங்கும், வேறு வீட்டுப் பெயர் என்றால் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மண்சட்டியில் பெயர் இல்லாததால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெயின்டில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் வாளியில் இறங்கிய குரல் கடைசிவரை சோப்பு நாறும். பித்தளையில் விழுந்த குரல் கொஞ்சம் கனக்கும், எவர்சில்வரில் விழுந்தது கோபத்தில் இருப்பது போலக் கேட்கும், நீட்டி முழக்கிப் பேசுகிறவர்களுக்கு நாலடுக்குத் தூக்குதான் சரி. மூடியைத் திறந்தால் ஒரே ஒரு தடவை கேட்கும், அத்தோடு ஏனம் வெறுமை. அதனால் பெண்கள் அடுப்பு வேலையை முடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவிக்கொண்டுதான் மூடியைத் திறந்தார்கள். கோவிலுக்கு மதலேன் மைனி வீட்டார் தங்கள் பெயர் வெட்டி உபயமாகக் கொடுத்த தீர்த்தச் செம்பில் ஒரு குரல் தவறி இறங்கி, பூசை நேரத்தில் கெட்டவார்த்தை பேசிவிட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில், கடலில் இருப்பவர்கள் இனிமேல் வலை அறுந்தாலும் மரியாதையாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மைனி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

என் புருஷன் தொபியாஸும் கஸ்பார் அண்ணனும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அந்த முறையில்தான் மதலேன் எனக்கு மைனி, அதாவது அண்ணி; இருவரும் ஒரே படகில் போயிருந்தார்கள். எங்கள் பிள்ளை செலினுக்கு நாற்பது நாள் ஆனபோது அவர் கடலேறினார். நான் பயந்தவள். பிள்ளை பிறந்ததிலிருந்து இன்னும் பயந்தவள். அவள் தூங்கும்போது நிமிஷத்துக்கு ஒருதரம் மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அழுதா பாத்துக்கிடலாமே, அதுக்காகத்தானே கடவுள் அதுக்குத் தொண்டையக் குடுத்திருக்காரு என்று மைனி ஏசுவாள். அழுகிற அளவுக்கு மூச்சு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று நான் கேட்பேன்.

தெரு சிக்கிக்கொண்டது தெருவின் நல்ல குணத்தால்தான். தொபியாஸ் என்னிடம் பேசும்போது நடுவில், மைனியக் கேட்டதாச் சொல்லு என்பார்; அந்த இடத்தில் சட்டென்று மூடினால் மிச்சப் பேச்சு உள்ளேயே நிற்கும். அதை நான் சொன்னால் நன்றாகவா இருக்கும், குரலாகவே போகட்டும் என்று எங்கள் சருவத்தை மூடியோடு மைனி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கஸ்பார் அண்ணன், தம்பி மவளுக்கு ஒரு முத்தம் என்று அனுப்பியது கொப்பரையில் விழ, மைனி அந்தக் கொப்பரையைத் தூக்கி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். இப்படி மாமியாருக்கு மருமகளும், சம்பந்திக்குச் சம்பந்தியும், கோபத்தில் இருக்கிற நாத்தனாருக்குக்கூட அண்ணிமாரும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்து வந்த ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் கரையில் கிடையாது, ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம்; அதிலும் ஆம்பளை கடலில் இருக்கிற வீட்டுக்கு வெறும் ஏனத்தைக் கொண்டுபோவது, படகும் இப்படியே திரும்பட்டும் என்று வாய் திறந்து சொல்வதற்குச் சமம். குரல் வந்த ஏனத்தில் சீனி போட்டுக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நமக்கு ஒரு குரல் வரட்டும், அதைப் போட்டுக் கொடுப்போம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அப்படியாக ஒரு புதன்கிழமை, தெருவில் இருந்த ஏனமெல்லாம் அடுத்த வீட்டு ஏனமாகிவிட்டது. யார் வாசலிலும் அவரவர் பெயர் வெட்டிய பாத்திரம் இல்லை. குரல் நின்றது. கொடுத்ததைக் கேட்பது கௌரவக்குறைச்சல் என்பதால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கொப்பரை எங்கள் பரணில் இருந்ததால் மைனி வீட்டில் தினமும் தோசை. சட்டியும் செம்பும் இல்லாத வீடுகளில் மண்சட்டியில் குழம்பு வைத்து, அது ருசியாக இருந்துவிட, குரல் வராத வருத்தத்திலும் எல்லாரும் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். படகுச் சங்கத்தார் நாகர்கோவிலிலிருந்து ஒரு வேன் நிறையப் புதுப் பாத்திரம் வாங்கி, பெயர் வெட்டி, வீட்டுக்கு மூன்றாகக் கொடுத்தார்கள். இரண்டு நாள் குரல் பொழிந்தது, மூன்றாம் நாள் புதுப் பாத்திரங்களும் அடுத்த வீடுகளில் இருந்தன. அதே வாரம் சென்னையிலிருந்து என் மேலதிகாரி, பெட்டிக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கூட்டிப் பார்த்தேன். பெட்டி இரண்டு நாள் கழித்து நின்றது.

இறங்க இடமில்லாத குரல்கள் தெருவிலேயே நின்றன. பார்வைக்கு ஒன்றுமில்லை, காதுக்கும் ஒன்றுமில்லை, ஆனால் நடந்தால் திருவிழாக் கூட்டத்துக்குள் நடப்பது போலத் தோள் இடித்தது. நாய்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ஞானப்பூ மாமி கடைக்குப் போகும்போது, கொஞ்சம் தள்ளுங்க மக்கா, வழி விடுங்க என்று சொல்லிக்கொண்டே போவாள்.

புதுப் பாத்திரங்களிலும் குரல் நின்று எட்டாம் நாள் அரபிக்கடலில் புயல் என்று செய்தி வந்தது. மணிக்கூண்டில் ஏறி, பதினோரு படகும் உடனே பக்கத்துத் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும் என்று பங்குச் சாமியாரே பேசினார். கேட்டார்களா, போனார்களா என்று தெரியவில்லை. பதில் வந்திருந்தால் அது தெருவில் நின்ற அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கோ நின்றிருக்க வேண்டும். எழுபத்தேழு ஆண்கள். யார் வீட்டிலும் யாரும் அழவில்லை, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெட்டி என்னுடையது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் செலின் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் திரையில் அதே வரிகளை நூறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். மாமி பரணில் இருந்த மைனியின் கொப்பரையைத் துடைத்துக்கொண்டே, அன்றாடம் சொல்வதை அன்றைக்கும் சொன்னாள்: “நமக்கு ஒரு கொரல் வந்துட்டுன்னா, இதுல போட்டுக் குடுத்திரலாம்.”

அந்த வாக்கியம் என் திரையில் இருந்தது. வெறும் ஏனத்தைத் திருப்பி வைக்கிற வேலையை, குரல் வந்தால் விழித்துக்கொள்கிற பகுதிக்குள்ளே எழுதிவைத்திருந்தேன். குரல் வந்தால் ஏனம் திரும்பும், ஏனம் இருந்தால் குரல் வரும். கடைசி ஏனமும் தீர்ந்துவிட்டால் குரல் வராது, குரல் வராததால் யாரும் விழிக்க மாட்டார்கள், யாரும் விழிக்காததால் ஏனம் திரும்பாது. வேறு ஊர்க்காரி எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாள். வெறுங்கையோடு போகாதே என்று பால்குடிக்கும்போதே கேட்டு வளர்ந்தவள் எழுதிய டிரைவர் அது.

நான் செலினின் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. வந்து உட்கார்ந்து, அதையே எழுதினேன்: யாரும் வராவிட்டாலும், யாரும் கூப்பிடாவிட்டாலும், இரண்டு விநாடிக்கு ஒருதரம் தானாக எழுந்து போய்ப் பார், வெறும் ஏனம் இருந்தால் வாசலில் வை. பதினோரு வரி. மணிக்கூண்டுப் பெட்டிக்கு அதை அனுப்பியதும் நின்றிருந்த பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது, இனி வருவதற்கு வழி உண்டு. வந்து தெருவில் நிற்பவர்களுக்கு அதனால் பிரயோசனமில்லை, அவர்களுக்கு வேண்டியது ஏனம்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற கையில் கொப்பரையை எடுத்தேன். சீனி டப்பாவைத் திறந்து ஓடிவந்த மாமியிடம் வேண்டாம் என்றேன். சீனி போட்டால் அது சீனி ஏனம், குரல் இறங்காது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு தெருவைக் கடந்து மைனியின் வாசலில் போய் நின்றேன்.

“என்னட்டி இது?”

“ஒங்க கொப்பர, மைனி.”

“அது தெரியுது. உள்ள என்ன?”

“ஒண்ணுமில்ல. வெறும் ஏனம்.”

பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மைனி கொப்பரையைத் தொடவில்லை. “எந் தலையில மண்ண அள்ளிப் போட வந்தியா? ஒம் மாப்பிளையும் அதே போட்டுலதான் இருக்கான், நெனப்பிருக்கா?”

“இருக்கு மைனி. அதான் கொண்டாந்தேன். நீங்க நெறைக்கணும்னு காத்திருக்கிய, நான் நெறைக்கணும்னு காத்திருக்கேன். வந்தவங்க ஒக்கார எடமில்லாம வாசல்ல நிக்காங்க.”

அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள், ஒன்றுமில்லாத இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற தெருவை. பிறகு, “பிள்ள மூக்குல வெரல வச்சி வச்சிப் பாக்குற பேடிக்கு வந்த தைரியத்தப் பாரு” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் எங்கள் சருவம். அதில் கழுவிய ஈரம் இருந்தது. முந்தானையால் அதையும் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, வெறுமையிலும் வெறுமையாக என் கையில் தந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒரு தூக்கோடு இறங்கினாள், அவளைப் பார்த்து அடுத்தவள் இரண்டு செம்போடு இறங்கினாள், அரை மணி நேரத்துக்குள் தெரு முழுக்கப் பெண்கள், தலையில் அண்டா, இடுப்பில் குடம், கையில் தட்டு, ஆளுக்கு ஆள் குறுக்கே நடந்து, மோதி, சிரித்து, இந்தா ஒண்ணுமில்லாதத வச்சுக்க, எங்க வீட்டுலயும் ஒண்ணுமில்லாததுதான் நெறைய இருக்கு, ஒனக்கு எத்தன வேணும் என்று கூவி, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்கூட வெறும் குண்டாவை மாற்றிக்கொண்டு, ஈஸ்டர் பாஸ்கா இரவில் எல்லா மணியும் ஒன்றாக அடிப்பது போன்ற சத்தத்தில் ஏனங்கள் வீடு திரும்பின. உபதேசியாருக்கு என்ன தோன்றியதோ, கீழே நின்றபடியே கயிற்றைப் பிடித்துக் கோவில் மணியையும் அடித்துவிட்டார். அன்றையிலிருந்து பன்னிரண்டு மணி செபத்துக்கு மணி அடித்தால், நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் அடுத்த வீட்டு ஏனம் வீடு போய்விட வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டு எழுதியும் வைத்தார்கள்.

தெரு ஒரு மூச்சு விட்டது. தோள் இடிப்பது நின்றது. ஒவ்வொரு வாசலிலும் மூடி ஒருதரம் துள்ளி அடங்கியது.

குரல்கள் வரிசைப்படிதான் வந்தன. வரிசை தப்பக் கூடாது என்று டிரைவரில் அவ்வளவு கவனமாக எழுதியவள் நான், தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. புயலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு மைனியும் மாமியும் நானும் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, முதல் குரல், ரேஷன் கடையில் பாமாயில் போட்டாச்சா என்று கேட்டது. மூடி, திறந்தோம். அடுத்தது, எதிர்ப்பட்ட திமிங்கலத்தின் நீளம். மூடி, திறந்தோம். அடுத்தது, மறுபடியும் பல்லுவலி. முக்கியமானத முன்னால விடத் தெரியாதா ஒனக்கு, என்னத்தப் படிச்ச என்று மாமி என்னை ஏச, மைனி, ஏசாதீங்க சித்தி, வரிசைன்னா வரிசதான் என்று மூடியை மறுபடி திறந்தாள். தெருவில் தேங்கி நின்ற ஏழு நாள் பல்லுவலியையும் ஒரே இருப்பில் கேட்டோம். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் மூடி திறந்து மூடுகிற சத்தம்.

எட்டாவது நாள் பேசிய குரலில் பங்குச் சாமியாரின் பெயர் வந்தது. சாமி சொன்னது கேட்டுச்சி, பதினோரு போட்டும் கார்வார்த் துறைமுகத்துக்குள்ள ஏறியாச்சி, எண்ணிப் பாத்தாச்சி, ஒரு ஆளும் கொறையல, காத்து இப்பதான் அடிக்கத் தொடங்கியிருக்கு என்று கஸ்பார் அண்ணன் சொன்னார். மைனி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவுக்கு ஓடி, கேட்டியளா, கேட்டியளா என்று தட்டினாள். எல்லா வீட்டிலும் அதே நேரத்தில் அதையேதான் கேட்டிருந்தார்கள், எல்லாரும் எல்லாருக்கும் அதைச் சொல்ல ஓடி வந்து நடுத்தெருவில் முட்டிக்கொண்டார்கள்.

எனக்கு இன்னும் தொபியாஸின் குரல் வரவில்லை. சருவம் வாசலில் இருந்தது. மூடி துள்ளியதும் நான் தலை சீவவில்லை, பவுடர் போடவில்லை.

“அமலி, இங்க ஒரு கூத்து கேளு,” என்றது அவர் குரல், மழை இரைச்சலோடு. “இங்கயும் பெட்டி நெறஞ்சி, நீங்க பேசுனதெல்லாம் எங்க சமையல் ஏனத்துலதான் வந்து விழுது. ஒலையில மாமி, சட்டியில மைனி, தட்டுலகூட யாரோ பெஞ்சாதி ஏசிக்கிட்டு கெடக்கா. கொட்ட மனசில்லாம எட்டு நாளா பிஸ்கட் தின்னுறோம். அதெல்லாம் ஒரு தடவதான் கேக்கும், சரி. ஆனா ஒருநா நீ பேசும்போது பிள்ள அழுதா பாரு, அது பெரிய சோத்துப் பானையில விழுந்துட்டு. அது மட்டும் நிக்கவே இல்ல. தொறந்தாலும் அழுறா, மூடுனாலும் அழுறா. கஸ்பார் அண்ணன் மடியில வச்சி ஆட்டிப் பாத்தாரு. ஏழு பேரும் மொற வச்சி ஆட்டுறோம். பக்கத்து போட்டுக்காரனெல்லாம் வந்து பாட்டுப் பாடிப் பாக்குறான். என்ன செய்யணும்னு சொல்லு, இனிமே எங்களால முடியாது.”

அதே டிரைவர்தான் படகுகளிலும் இருந்தது, நான் அதை நினைக்கவே இல்லை. பதினோரு வரிகளையும் பதினோரு படகுகளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பலாம், அது அப்புறம். செலினைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுப்பத்துப் படியும் ஏறினேன். மைனி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, தடுக்காம ஏறுட்டி, தடுக்காம ஏறு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே கடல் முழுவதும் தெரிந்தது. பெட்டியின் வாயில் வாயை வைத்து, மெதுவாக, எழுபத்தேழு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“மடியில வேண்டாம். தோள்ல போடுங்க. பானையோட முதுகுல மெல்லத் தட்டுங்க, ஏப்பம் வந்தா தூங்கிருவா.”